பசு, கயிறு, களிம்பு: ஒரு சந்தேகம்

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் யாராவது கைகொடுங்கள். எனக்கு ஊர் திருமங்கலம் பக்கம். காலையில் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டும்போதுதான் உறைத்தது. வடமொழியில் பசு என்றால் கால்நடை, பாசம் என்றால் கயிறு. சித்தாந்தத்தில் அந்த உவமையே உயிருக்கும், அதைக் கட்டிப்போடும் அழுக்குகளான மலங்களுக்கும் பெயராகிவிட்டது. சரி, என் மாட்டுக்குக் கயிறு போட்டது நான், போன தைமாசம் வாங்கி வந்த அன்று. ஆனால் அந்த மலங்களில் ஒன்றான ஆணவம் அனாதி, அதாவது தொடக்கமே இல்லாதது, யாரும் கட்டியதில்லை என்கிறார்களே! அதனால்தான் நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு (பச்சைத் துரு) என்று, கூடவே இருப்பதைக் காட்டும் வேறு உவமைக்குப் போனார்களோ? (புளி போட்டுச் செம்பு தேய்த்தவர்களுக்குக் களிம்பின் அருமை தெரியும்.) அப்படியானால் 'பசு' என்ற சொல்லின் மூலப்பொருளை எதுவரை பிடித்துக்கொள்வது? இதை அலசும் உரை இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், மதுரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஏதாவது நடந்தாலும் சொல்லுங்கள், பால் கறந்துவிட்டு வந்துவிடுவேன்.