90ஆம் நாள் போன்: எப்படிக் கேட்பது?

புதுசெவிலி:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஐசியூவில் வேலை பார்த்துட்டு, இப்போ அதே ஆஸ்பத்திரியில் ரிசர்ச் கோஆர்டினேட்டரா மாறியிருக்கேன். செப்சிஸ் (தொற்று முத்திப்போய் உறுப்புகளைப் பாதிக்கிற நிலை) வந்து வென்டிலேட்டரில் இருந்தவங்களைப் பத்தின ஆய்வு. ஆய்வில் சேர்த்த நாளிலிருந்து கணக்கு வெச்சு 28ஆம் நாளும் 90ஆம் நாளும் வீட்டுக்குப் போன் போட்டு, ஆள் எப்படி இருக்காருன்னு ஃபார்மில் எழுதணும்.

பெட் பக்கத்தில் நின்னு செய்யற எந்த வேலைக்கும் நான் தயங்கினதில்லை. இந்தப் போன்தான் கை நடுங்க வைக்குது. போன வாரம் ஒரு வீட்டுக்குப் போட்டேன். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னதுமே எடுத்த பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கேஸ் ஷீட்டில் "சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ், உயிருடன்"னு இருக்கு. அப்பா ஆம்புலன்ஸில் வீடு போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரியே போயிட்டாராம்.

பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது? துக்கத்தில் இருக்கிற வீட்டை இப்படித் தொந்தரவு பண்றது அவசியம்தானா? கூட வேலை பார்க்கிற ஒருத்தர், "டிஸ்சார்ஜ் ஆனப்போ உயிரோட இருந்தார்னு போட்டுட்டு விட்டுடு"ங்கறார். அப்படி விடலாமா?

வைகைக்கரை:

விடக் கூடாது தங்கச்சி. அதை முதல்ல சொல்லிடறேன். நம்ம ஊர் ஐசியூவில் "உயிருடன் டிஸ்சார்ஜ்"னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். காசு தீர்ந்து போச்சு, இல்ல டாக்டர் கையை விரிச்சுட்டார், "உயிர் வீட்டுலதான் போகணும்"னு கூட்டிட்டுப் போறாங்க. கையால மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்கை அமுக்கிக்கிட்டே வாசல் வரைக்கும் நாமதான் கொண்டு விடறோம். அந்த ஆளை 90ஆம் நாள் உயிரோட இருக்கிறவர் கணக்கில் சேர்த்தா, அந்த ஃபார்ம் பொய். ரொம்ப வருஷமா இந்த வேலையில்தான் இருக்கேன். இதில் மட்டும் யாருக்காகவும் வளைஞ்சு கொடுத்துடாதே.

போன் எடுக்கறதுக்கு முன்னாடி ரெக்கார்டு ரூமுக்குப் போ. நம்ம ஆஸ்பத்திரியிலேயே திரும்ப அட்மிட் ஆகியிருக்காரா, ஓபிக்கு வந்திருக்காரா, இங்கேயே இறந்துட்டாரான்னு பாரு. நம்ம அலமாரியில் இருக்கிற பதிலை அந்த வீட்டு அம்மாகிட்ட கேட்கிறது கொடுமை. கன்சென்ட்டில், அதாவது ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில், கையெழுத்துப் போட்டது யார், என்ன உறவுன்னும் பார்த்து வெச்சுக்கோ. பேசவேண்டியது அவங்ககிட்டதான்.

நேரமும் முக்கியம். கிராமத்து நம்பர்னா காலையில் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க, எடுக்க மாட்டாங்க. சாயங்காலம் பேசலாம், ஆனா விளக்கு வைக்கிற நேரத்தில் வேண்டாம், அதுவும் வெள்ளிக்கிழமையில் வேண்டவே வேண்டாம்.

நான் ஆரம்பிக்கிறது இப்படி: "வணக்கம்மா, ஐசியூவிலிருந்து செவிலி பேசறேன். பில் விஷயமா இல்லை, காப்பீட்டு விஷயமாவும் இல்லை, ஓடிபி எதுவும் கேட்க மாட்டேன். அப்பா இங்க இருந்தப்போ ஒரு ஆராய்ச்சிக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்க, மூணு மாசம் கழிச்சுக் கூப்பிடுவோம்னு சொல்லியிருந்தோம். இப்போ பேசலாமா?" முதல் மூணும் கட்டாயம் வேணும். ஆஸ்பத்திரின்னாலே பாக்கிப் பணம்னு பயப்படறாங்க, தெரியாத நம்பர்னாலே மோசடின்னு வெச்சுடறாங்க.

அப்புறம் "அப்பா எப்படி இருக்காங்க"ன்னு கேட்காதே. "வீட்டுக்குப் போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்றீங்களா?"ன்னு கேளு. நல்லது நடந்திருந்தாலும் கெட்டது நடந்திருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். கேட்டுட்டு சும்மா இரு. அவங்க பேசட்டும்.

இறந்துட்டார்னு சொன்னா உனக்குத் தேவை தேதி ஒண்ணுதான். பல பேருக்குத் தேதி வராது, நாள் வரும். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள்"பாங்க. "காரியம் என்னிக்கு வெச்சீங்க, எத்தனாவது நாள்?"னு கேட்டா பின்னோக்கி எண்ணிடலாம். பதினாறுன்னு நீயா எடுத்துக்காதே, வீட்டுக்கு வீடு மாறும். இறப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தா அதைப் பார்த்து ஒரு தடவை சொல்லச் சொல்லு, அதுதான் கடைசி வார்த்தை. போனை வெச்ச கையோட உங்க புரோட்டோகாலை (ஆய்வை எப்படி நடத்தணும்னு எழுதின திட்டம்) பார்த்து, முதன்மை ஆய்வாளர்கிட்ட அன்னிக்கே சொல்லிடு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோட நடக்கிற ஆய்வுன்னா, 2019 விதிகள்படி கடுமையான பாதக நிகழ்வை (இறப்பும் அதில் சேரும்) அது நடந்த 24 மணி நேரத்துக்குள்ள அவர் தெரிவிக்கணும்; தாமதமானா காரணத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

இன்னொண்ணு வரும், தயாரா இரு. "நாங்க கூட்டிட்டு வந்தது தப்பா சிஸ்டர்? இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தா பிழைச்சிருப்பாரா?" இதுக்கு நீயா பதில் சொல்லாதே, "தெரியாது"ன்னும் வெட்டிடாதே. அவரைப் பார்த்த டாக்டரைப் பேசச் சொல்றேன்னு சொல்லி, அன்னிக்கே பேச வை. என்கிட்ட அப்படிக் கேட்ட ஒரு வீட்டிலும் டாக்டர் பேசாம நான் விட்டதில்லை.

உயிரோட இருக்கிறவர் விஷயம் வேற மாதிரி கஷ்டம். கேட்டா எல்லாரும் "நல்லா இருக்காரு"ம்பாங்க. ஆள் எவ்வளவு தூரம் தானா இயங்கறார்னு மதிப்பெண் போடற ரேங்கின் அளவுகோல் 0-லிருந்து 6 வரை, 6-ன்னா இறப்பு. நடுவில் இருக்கிற 3-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் அடுத்தவர் துணையில்லாம நடக்கிறாராங்கறதுதான். அதனால நான் கேட்கிறது: பாத்ரூமுக்குத் தனியா போறாரா, குளிப்பாட்டி விடறது யாரு, சோத்தைத் தானே பிசைஞ்சு சாப்பிடறாரா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றாரா. முடிஞ்சா அவர்கிட்டயே போனைக் கொடுக்கச் சொல்லு, குரலைக் கேட்டாலே பாதி தெரியும்.

கடைசியா நம்பர். கன்சென்ட் வாங்கற அன்னிக்கே மூணு நம்பர் வாங்கு, அதில் ஒண்ணு வேற வீட்டு நம்பரா இருக்கணும். அங்கேயே நின்னு டயல் பண்ணி, மணி அடிக்குதான்னு பாரு. அந்த வேற வீட்டுக்காரங்ககிட்ட நோயைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே, "அவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொல்லு.

ஐசியூ மருத்துவர்:

மேலே சொன்னதற்குப் பிறகு "எப்படி" என்பதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. "அவசியம்தானா" என்ற கேள்விக்கு ஓர் உதாரணம் தருகிறேன், ஏனென்றால் அதன் நடுவில் நானே வேலை பார்த்தவன்.

2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சை ஐசியூவில் இருந்த 1548 பேர். இன்சுலின் சொட்டு வைத்துச் சர்க்கரையை 80–110க்குள் இறுக்கிப் பிடித்தால், ஐசியூவிலேயே இறப்பவர்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைகிறார்கள் என்றது. உலகம் முழுக்க ஐசியூக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. நாங்களும் அப்படித்தான் செய்தோம். மணிக்கொரு முறை விரலில் குத்தி, இன்சுலின் பம்ப்பை ஏற்றி இறக்கியபடி இரவுகள் கழிந்தன. நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்பினோம்.

2009இல் அதையே சோதித்த நைஸ்-சுகர் என்ற பெரிய ஆய்வு வந்தது. முக்கியமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் 42 மருத்துவமனைகள், 6104 நோயாளிகள். ஒரு பிரிவுக்குச் சர்க்கரை 81–108, மறு பிரிவுக்கு 180 அல்லது அதற்குக் கீழ். 28ஆம் நாள் கணக்கில் இறப்பு 22.3 சதவீதமும் 20.8 சதவீதமும், தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி. 90ஆம் நாள் கணக்கில் 27.5க்கு 24.9. இறுக்கிப் பிடித்த பிரிவில் 829 பேர், தளர்த்திய பிரிவில் 751 பேர். அதாவது 78 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். சர்க்கரை 40க்கு இறங்கியவர்கள் ஒரு பக்கம் 6.8 சதவீதம், மறுபக்கம் 0.5.

இப்போது இதையும் பாருங்கள்: 6104 பேரில் 6022 பேருடைய 90ஆம் நாள் நிலை கணக்கில் இருக்கிறது. இல்லாதவர்கள் 82 பேர்தான். நம் ஊரில் செய்வதுபோல் நூற்றுக்கணக்கானவர்களை "உயிருடன் டிஸ்சார்ஜ்" என்று விட்டிருந்தால் அந்த 78 கண்ணில் பட்டிருக்குமா? நாங்கள் இன்னும் குத்திக்கொண்டே இருந்திருப்போம். எங்கள் யூனிட்டில் பம்ப் வேகத்தைக் குறைத்ததற்குக் காரணம், முகம் தெரியாத யாரோ சிலர் மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்ததுதான். எங்கள் ஐசியூ ஆய்வுகளில் இன்று 90ஆம் நாள் வரிசை காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். ரேங்கின் மதிப்பெண் போடுபவருக்கு நோயாளி எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரியக் கூடாது. இறப்பில் மனச்சாய்வுக்கு இடமில்லை. "நடக்கிறாரா" என்பதில் உண்டு. மருந்து கொடுத்தவரே போன் செய்யும் ஏற்பாடாக இருந்தால் உங்கள் ஆய்வாளரிடம் சொல்லி மாற்றுங்கள்.

கரூர் வாசகர்:

நான் மருத்துவத் துறை இல்லை. எங்க அம்மா ஐசியூவில் இருந்து இறந்து ரெண்டு மாசம் கழிச்சு இப்படி ஒரு போன் வந்தது. அழுதேன், உண்மைதான். ஆனா அந்த சிஸ்டர் அம்மாவைப் பேர் சொல்லிக் கேட்டாங்க, கடைசி நாள் எப்படி இருந்தாங்கன்னு பொறுமையா கேட்டாங்க. சொந்தக்காரங்க யாரும் அதைக் கேட்கலை. தொந்தரவுன்னு நினைச்சு நிறுத்திடாதீங்கம்மா. அந்த ஆராய்ச்சியில் கடைசியா என்ன தெரிஞ்சதுன்னு மட்டும் யாரும் திரும்பச் சொல்லலை. அதையும் ஒரு போனில் சொன்னா நல்லா இருக்கும்.

புதுசெவிலி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வைகைக்கரை அக்கா, ஒண்ணே ஒண்ணு. "இனிமே கூப்பிடாதீங்க"ன்னு சொல்லிட்டா? அந்த ஆளோட முழு டேட்டாவையும் எடுத்துடணுமா?

வைகைக்கரை:

கூப்பிடாதேன்னா கூப்பிடாதே, அதில் பேச்சே இல்லை. எப்ப வேணும்னாலும் விலகலாம்னு நாமளே எழுதிக் கொடுத்திருக்கோம். ஆனா மூணும் வேற வேற: ஆய்வு மருந்தை நிறுத்தறது, போனை நிறுத்தறது, ஏற்கெனவே எழுதின விவரத்தைப் பயன்படுத்த வேண்டாம்ங்கறது. பெரும்பாலும் ரெண்டாவதைத்தான் சொல்லுவாங்க. "இனி போன் பண்ண மாட்டோம்மா. இதுவரைக்கும் எழுதி வெச்சதை வெச்சுக்கலாமா? ஆஸ்பத்திரி ரெக்கார்டை மட்டும் பார்த்துக்கலாமா?"ன்னு ஒரே ஒரு தடவை கேளு. என்ன சொன்னாங்களோ அதை அவங்க வார்த்தையிலேயே தேதி, நேரம் போட்டு எழுதி, ஆய்வாளர்கிட்ட கையெழுத்து வாங்கி ஃபைலில் வெச்சுடு. விவரமே வேண்டாம்னு சொன்னா நீயா எதையும் அழிக்காதே, அடிச்சுத் திருத்தாதே. ஆய்வாளரை எதிக்ஸ் கமிட்டிக்கு (ஆய்வுகளை மேற்பார்க்கிற நெறிமுறைக் குழு) எழுதிக் கேட்கச் சொல்லு.

கரூர்க்காரர் சொன்னதை எங்க அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். முடிவு தெரிஞ்சுக்க விரும்பறீங்களான்னு கன்சென்ட் ஃபார்மிலேயே ஒரு கட்டம் போட்டுடலாம்.