பேச்சியம்மாள் பேரப்பிள்ளைகள்

உஷா சித்தி: காவ்யாவுக்கு மறுபடியும் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் நாலு எட்டு வைக்க அழுகிறாள். நாளைக்குப் பாளையங்கோட்டையில் ஐயாயிரம் மீட்டர். காலில் டேப்பு எப்படி ஒட்டுவது?

மீனா அக்கா: அச்சச்சோ

பிரபு: ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள் சித்தி

காவ்யா: அண்ணா நீ சும்மா இரு

கணேசன் மாமா: வலி அடியிலா, பின்பக்கமா?

காவ்யா: அடியில். உள்பக்கமாக.

கணேசன் மாமா: அப்போது உள்ளங்கால் சவ்வுதான். குதிகாலிலிருந்து விரல் அடிவரை போகும் பட்டை. ராத்திரி சுருங்கிக் கிடந்து, காலையில் மிதித்ததும் இழுபடும். இதற்கு லோ-டை முறையில் டேப்பு ஒட்ட வேண்டும். டை என்றால் சாயம் இல்லை, ரால்ஃப் டை என்ற பாத மருத்துவர்.

பிரபு: வாத்தியார் வகுப்புக்கு வந்துவிட்டார்

சரவணன் சித்தப்பா: ஆச்சியின் குத்துவிளக்கு யாரிடம் இருக்கிறது? ஞாயிறு பால் காய்ச்ச வேண்டும்.

மீனா அக்கா: சித்தப்பா, தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்

காவ்யா: மாமா, என்னிடம் நீல டேப்பு இருக்கிறது. போதுமா?

கணேசன் மாமா: அது இழுபடும், வளைவைத் தாங்காது. விறைப்பான ஸிங்க் ஆக்சைடு டேப்பு வேண்டும், அகலம் 38 மி.மீ. காலைக் கழுவித் துடை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. கணுக்காலை 90 டிகிரியில் மடக்கி வை. சுண்டுவிரல் அடி மூட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, குதிகாலைப் பின்னால் சுற்றி, பெருவிரல் அடி மூட்டருகே முடி. முடிக்கும்போது அந்த மூட்டை லேசாகக் கீழே அழுத்து. அப்புறம் உள்ளங்காலின் குறுக்கே நாலு பட்டை, வெளியிலிருந்து உள்பக்கம் தூக்கி ஒட்டு. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஓரம் அடங்க, முதல் பட்டை போலவே இன்னொன்று. பாதத்தின் மேலே முழுசாகச் சுற்றாதே, ஓடும்போது பாதம் விரியும். விரல் மரத்துப்போனால் உடனே உரி. இது நோயை ஆற்றாது, நாளைய ஓட்டத்தைக் கடத்திவிடும், அவ்வளவுதான். நடக்கும்போதே நொண்டினால் ஓடவே கூடாது.

செல்வி அத்தை: இவ்வளவு எழுதுகிற நேரத்துக்கு இவர் நேரில் போய் ஒட்டிவிட்டே வந்திருக்கலாம்

கணேசன் மாமா: என்னை யார் கூப்பிட்டார்கள்?

உஷா சித்தி: அண்ணா, பழசை விடுங்கள்

மீனா அக்கா: மாமா, தருணுக்கும் குதிகால் வலி. 11 வயது, ஃபுட்பால். பின்பக்கம். இதே டேப்பா?

கணேசன் மாமா: வேண்டாம். அந்த வயதில் அது எலும்பு வளரும் இடமாக இருக்கும். குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்.

மீனா அக்கா: அமுக்கினேன். கத்துகிறான்.

கணேசன் மாமா: ஆட்டத்தைக் குறை. டாக்டரிடம் காட்டு.

பிரபு: ஆச்சி சொல்லச் சொல்கிறார்: செங்கல்லைச் சுட வைத்து, எருக்கிலை போட்டு மிதிக்க வேண்டுமாம்

காவ்யா: கால் வெந்துபோனால் எப்படி ஓடுவது ஆச்சி

சரவணன் சித்தப்பா: விளக்கு?

செல்வி அத்தை: எங்கள் பரணில்தான். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

கணேசன் மாமா: அது என் அம்மா எனக்குக் கொடுத்தது

பிரபு: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்கவா?

செல்வி அத்தை: கேட்காதே

கணேசன் மாமா: காவ்யா, 5:30க்கு ஸ்டேடியம் வாசலில் நிற்கிறேன். வீட்டுக்கு வர மாட்டேன்.

காவ்யா: சரி மாமா. டேப்பு யார் வாங்குவது? மெடிக்கல் 10 மணிக்கு மூடிவிடுவார்கள்.

சரவணன் சித்தப்பா: எத்தனை மி.மீ. என்றார் உன் மாமா?