ஜெயிலுக்குத் தபாலில் மூக்குக் கண்ணாடி போகுமா, போகாதா?

வாசல்படி:
நேற்று இங்கே ஒரு அம்மா கேட்டிருந்தார்: தம்பி ஜெயிலில் இருக்கிறான், மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, என்ன செய்வது என்று. அதற்கு நம் சட்டக்கோல் சொன்ன பதில்: “ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், வாங்கித்தான் ஆக வேண்டும், மும்பை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.” அவ்வளவுதான். படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பதினான்கு மாதம் வாரா வாரம் ஜெயிலில் இருந்த என் தம்பியைப் பார்க்க, அதாவது மனு பார்க்க, போனவள் நான். தபாலில் போடும் கண்ணாடி உள்ளே இருக்கிறவன் கைக்குப் போகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டக்கோல்:
அக்கா, ஆத்திரம் வேறு, சட்டம் வேறு. 2020 நவம்பரில் மும்பை பக்கத்துத் தலோஜா சிறையில், பீமா கோரேகான் வழக்கில் கைதான எழுத்தாளர் கௌதம் நவ்லகாவின் கண்ணாடி காணாமல் போனது. வீட்டிலிருந்து புதிதாக ஒன்று தபாலில் வந்தது. சிறைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். டிசம்பரில் அது மும்பை உயர் நீதிமன்றத்தில் பேச்சாக வந்தது. இவ்வளவு சின்னப் பொருளைக் கூடவா மறுப்பது, மனிதாபிமானம்தான் முக்கியம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசல்படி:
நீங்களே சொல்லிவிட்டீர்களே! தபாலில் வந்தது, வாங்க மறுத்தார்கள். நான் சொன்னதும் அதுதானே? நாடே அறிந்த மனிதருக்கே அந்தக் கதி. ஆட்டோ ஓட்டிய என் தம்பிக்கு யார் வாங்குவார்கள்?

திருச்சிக்காரன்:
சட்டக்கோல் சார், சின்ன சந்தேகம். நீதிபதிகள் உத்தரவு போட்டார்களா, வாயால் சொன்னார்களா? அன்றைக்கு விசாரணையில் இருந்தது நவ்லகா தாக்கல் செய்த மனுவே இல்லை, அதே வழக்கில் வேறு இருவரின் மனு என்று படித்த ஞாபகம்.

சட்டக்கோல்:
நீதிபதி வாயால் சொன்னால் என்ன, கையால் எழுதினால் என்ன? சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வரைக்கும் சொன்னார்கள்.

வாசல்படி:
வாயால் சொன்னதை ஸ்பீடு போஸ்ட் கவரில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். கேட்டில் இருக்கும் ஏட்டு எழுந்து நின்று வாங்கிக்கொள்வார்.

பழைய காக்கி:
முப்பது வருடம் ஜெயில் வார்டராக இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருந்த பழைய ஜெயிலையும் பார்த்தேன், 2006இல் புழலுக்கு மாறியதையும் பார்த்தேன். பார்சல் என்றால் எங்களுக்கு ஏன் பயம் தெரியுமா? கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் வெல்வெட் துணியை நகத்தால் உரித்தால் அடியில் சிம் கார்டு. நானே உரித்து எடுத்தேன். தடை செய்த பொருளை உள்ளே கொண்டுவந்தால் 1894 சிறைச் சட்டம் 42ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. மாட்டுவது கொண்டுவந்தவன் மட்டும் இல்லை, டூட்டியில் இருந்தவனும்தான்.

வாசல்படி:
ஐயா, அதே பிரிவில் அபராதம் இருநூறு ரூபாய் வரைக்கும்தான் என்று இருப்பதையும் சொல்லுங்கள். என் தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுக்க நான் செலவழித்தது அதைவிட அதிகம். எதற்கு, யாருக்கு என்று கேட்காதீர்கள்.

பழைய காக்கி:
எல்லாரும் அப்படி இல்லை அம்மா. கை நீட்டாதவனும் அதே கேட்டில்தான் நின்றான்.

வாசல்படி:
நான் போன நாள்களில் அவருக்கு லீவு போலிருக்கிறது.

தேன்மொழி88:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நேற்று கேட்ட அம்மாவின் தம்பி விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா? அது தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்?

சட்டக்கோல்:
கைதி என்றாலும் மனிதன்தான். உரிமை எல்லாருக்கும் உண்டு. டெல்லி சிறையில் சக கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கடிதத்துக்கே அவ்வளவு மதிப்பு.

திருச்சிக்காரன்:
அது உள்ளேயிருந்து வெளியே போன கடிதம். இங்கே பேச்சு வெளியேயிருந்து உள்ளே போகும் கண்ணாடி. போன மாதம் இங்கே நடந்த பஸ் பாஸ் விவாதத்திலும் இப்படித்தான் திசை மாற்றினீர்கள்.

சட்டக்கோல்:
பஸ் பாஸில் நான் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்ததே. அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள்.

திருச்சிக்காரன்:
யாருக்குத் தெரிந்தது? உங்களுக்கா?

வாசல்படி:
பஸ் பாஸை ஓரமாக வையுங்கள். என் கதையைக் கேளுங்கள். நானும் படித்தவர் பேச்சை நம்பித் தபாலில்தான் போட்டேன். பழைய துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கண் டாக்டர் சீட்டின் ஜெராக்ஸையும் சேர்த்து. பத்தொன்பதாம் நாள் பெட்டி என் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. திறந்தால் இடது பக்க வில்லை தனியே கழன்று துண்டுக்குள் கிடக்கிறது. அப்புறம் அசல் சீட்டு, கடை பில், ஒரு விண்ணப்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய், காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி நின்றேன். சூப்பிரண்டு கையெழுத்துக்கு மூன்று வாரம். நான்காவது மனுவில்தான் அவன் கண்ணாடி போட்டு வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா, நீ இளைத்துவிட்டாய்” என்றான். அதுவரைக்கும் என் முகம் அவனுக்குச் சரியாகவே தெரியவில்லையாம்.

சட்டக்கோல்:
ஆக, கொடுத்தார்கள். நான் சொன்னதுதானே?

வாசல்படி:
தபாலில் இல்லை! தபாலில் இல்லை! நீங்கள் சொன்னது ஸ்பீடு போஸ்ட்!

கரிசல்:
பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருந்தால் திருப்ப மாட்டார்கள். எங்கள் மாமா அனுப்பினார்.

திருச்சிக்காரன்:
எந்தக் காலத்தில்? பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.

கரிசல்:
மாமா அனுப்பியது 1998இல்.

பழைய காக்கி:
கடிதமாவது நேராக எழுதுங்கள். இன்லாண்டில் எழுதினால் எங்களுக்கும் வேலை குறைவு. பிரித்துப் படித்து முத்திரை குத்திக் கொடுத்துவிடுவோம். தடித்த கவர் என்றால்தான் சந்தேகம் வரும்.

வாசல்படி:
இரண்டரை ரூபாய் இன்லாண்டில் அம்மா எழுதச் சொன்னாள். ‘உனக்குப் பிடித்த கறுப்பு ஆடு குட்டி போட்டது, இரண்டு’ என்று எழுதினேன். அந்த வரியின் மேலேயே முத்திரையைக் குத்தியிருந்தார்களாம். அவன் வந்து, “அக்கா, எத்தனை குட்டி?” என்று மனுவில் கேட்கிறான்.

பழைய காக்கி:
கறுப்பு ஆடு என்றால் சங்கேதம் என்று நினைத்திருப்பார்கள்.

வாசல்படி:
ஆமாம் ஐயா, குட்டிகள் இரண்டும் தலைமறைவாகத்தான் இருக்கின்றன.

தேன்மொழி88:
மறுபடியும் கேட்கிறேன். அதே சிறைச் சட்டம் 31ஆவது பிரிவில் விசாரணைக் கைதி வெளியிலிருந்து உணவு, உடை, படுக்கை, மற்ற அவசியப் பொருள்களைப் பெறலாம் என்று இருக்கிறது. சோதனைக்கும் விதிகளுக்கும் உட்பட்டுத்தான். அந்தப் பிரிவு தண்டனைக் கைதிக்குப் பொருந்தாது. அந்தத் தம்பி எந்த வகை?

சட்டக்கோல்:
பார்த்தீர்களா! 31ஆவது பிரிவு! ‘மற்ற அவசியப் பொருள்கள்’ என்றால் கண்ணாடி. நன்றி தேன்மொழி. வழக்கை முடித்துவிட்டீர்கள்.

தேன்மொழி88:
நான் எதையும் முடிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன்.

வாசல்படி:
பெறலாம் என்று இருக்கிறது. தபாலில் பெறலாம் என்று இருக்கிறதா? மறைந்த ஸ்டேன் சுவாமி, நவ்லகா இருந்த அதே வழக்கில் கைதான நம் திருச்சிப் பக்கத்துப் பாதிரியார், அப்போதே எண்பது தாண்டியவர், பார்க்கின்சன் நோய், டம்ளர் பிடித்தால் கை ஆடும். 2020 நவம்பரில் உறிஞ்சுகுழலும் சிப்பர் குவளையும் கேட்டு நீதிமன்றம் போனார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்ஐஏ) இருபது நாள் அவகாசம். கோபத்தில் ஊரெல்லாம் சிப்பர் வாங்கிப் பார்சலில் அனுப்பினார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தது சிறை நிர்வாகம் கொடுத்ததுதான்.

சட்டக்கோல்:
சிப்பர் வேறு, கண்ணாடி வேறு.

திருச்சிக்காரன்:
இப்போது வேறா? நேற்று ‘எந்த அவசியப் பொருளும்’ என்று எழுதினீர்கள். திருத்திவிட்டீர்களோ?

கரிசல்:
ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டமா, அரியலூரா?

திருச்சிக்காரன்:
திருச்சி. சண்டைக்கு வராதீர்கள்.

பழைய காக்கி:
ஒரு விஷயம். ‘மனு’ என்று சொல்லாதீர்கள், ‘நேர்காணல்’ என்பதுதான் விதிகளில் உள்ள வார்த்தை.

வாசல்படி:
ஜெயில் வாசல் பூக்காரம்மாவிலிருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் மனு என்றுதான் சொல்கிறார்கள். நேர்காணலுக்குப் போகிறேன் என்றால் வேலை கிடைத்ததா என்று கேட்பார்கள்.

நேற்று கேட்டவள்:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி ரிமாண்டில் இருக்கிறான், விசாரணைக் கைதிதான். நாளை புதன்கிழமை எனக்கு மனு. கண்ணாடியைக் கையில் எடுத்துப் போகவா, தபாலில் போடவா?

சட்டக்கோல்:
தபாலில் போடுங்கள். திருப்பினால் எனக்குச் சொல்லுங்கள், உயர் நீதிமன்றத்துக்கே போகலாம்.

வாசல்படி:
கையில் கொண்டு போங்கள் தங்கச்சி. அசல் சீட்டு, பில், விண்ணப்பம் இரண்டு பிரதி, ஆதார் ஜெராக்ஸ். வெல்வெட் கூடு வேண்டாம், கைக்குட்டையில் சுற்றுங்கள். சட்டக்கோல் சார், அந்த உத்தரவின் நகலை இன்னும் நீங்கள் இங்கே போடவில்லை.

சட்டக்கோல்:
தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருச்சிக்காரன்:
பஸ் பாஸுக்கும் இதையேதான் சொன்னார்.