மறு: பேலோடுக்குத் தமிழ் - 'தாங்குவரம்பு', கூடவே 'முன்பாரம்'

நண்பர்களுக்கு வணக்கம்.

சொற்பட்டியலுக்காகப் 'பேலோடு' (வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை) என்பதற்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய சில வரிகளை எடுத்துப் பதில் சொல்கிறேன். டெக்சாஸில் 16 ஆண்டுகளாகப் பிக்கப் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) ஓட்டுகிறேன். அதன் பின்னால் கேம்பிங் டிரெய்லர் கட்டி இழுக்கத் தொடங்கி 5 ஆண்டாகிறது. சொல்லாராய்ச்சி என் தொழில் இல்லை. ஆனால் இந்த ஒரு சொல் சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை அதிகம். காரணத்தைச் சொல்கிறேன்.

> 'சுமைதிறன்' என்றாலே எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் எது புரியும் என்று பாருங்கள். பிக்கப்புக்கு இரண்டு கணக்கு உண்டு: பின்னால் கட்டி எவ்வளவு இழுக்கும், தன் முதுகில் எவ்வளவு தாங்கும். இழுப்பது எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் சம்பந்தப்பட்டது. தாங்குவது ஸ்பிரிங், அச்சு, டயர் சம்பந்தப்பட்டது. 'சுமைதிறன்' என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் இரண்டும் கலந்துவிடும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது இழுக்கும் கணக்குதான் என்பதால், பெரும்பாலும் அந்த எண்தான் மனத்தில் நிற்கும்.

எனக்கு நடந்தது இது. என்னுடையது அரை டன் பிக்கப். (அரை டன் என்பது 1,000 பவுண்டு சுமந்த காலத்துப் பெயர். இன்று இந்த வகை வண்டிகள் அதைவிடக் கூடுதலாகவே சுமக்கின்றன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) டிரெய்லர் விற்றவர், "உங்கள் வண்டி 11,000 பவுண்டு இழுக்கும், இந்த டிரெய்லர் நிறையச் சாமான் ஏற்றினாலும் 7,000 தாண்டாது, கவலையே வேண்டாம்" என்றார். நானும் நம்பி வாங்கினேன். முதல் பயணத்திலேயே பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. இரவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். என் முகப்பு விளக்கு மேல்நோக்கி அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. ஸ்டீயரிங் கையில் லேசாக, பிடிப்பே இல்லாததுபோல் இருந்தது.

அதன் பிறகுதான் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளைச் சீட்டைப் படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஆனால் தோல் இருக்கை, மேற்கூரைக் கண்ணாடி, நாலு சக்கர இயக்கம் என்று ஏறிக்கொண்டே போனால் அந்த எடை எல்லாம் இதிலிருந்துதான் கழியும்.

கணக்குப் போட்டேன். நாங்கள் நாலு பேர் 520 பவுண்டு. டிரெய்லரை மாட்டும் கொக்கிச் சாமான்கள் 80. பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, மிதிவண்டிகள், கருவிப்பெட்டி 150. மொத்தம் 750 போனால் மீதி 730. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிறுத்துமிடத்து எடை மேடையில், டிரெய்லரோடு ஒரு தடவையும் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவையும் ஏறினேன். கழற்றியபோது பிக்கப் 6,270. கட்டியபோது பிக்கப்பின் இரண்டு அச்சும் சேர்ந்து 7,150. ஆக டிரெய்லர் என் வண்டியின் மேல் வைத்த பாரம் 880 பவுண்டு. வண்டியின் மொத்த எடை வரம்பு 7,000. நான் 150 பவுண்டு மீறியிருந்தேன். இத்தனைக்கும் டிரெய்லரின் எடை 6,420 தான். 11,000-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

இன்னொன்றும் எடை மேடையில் தந்த சீட்டில் தெரிந்தது. பின் அச்சில் 1,240 கூடியிருந்தது, முன் அச்சில் 360 குறைந்திருந்தது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது. ஸ்டீயரிங் ஏன் பிடிப்பில்லாமல் இருந்தது என்று அப்போது விளங்கியது.

விளம்பர எண் பொய்யில்லை. ஜே2807 என்ற தரமுறைப்படி அதைச் சோதிக்கும்போது, உள்ளே இருப்பது ஆளுக்கு 150 பவுண்டாக இரண்டே பேர். பிள்ளைகள், ஐஸ் பெட்டி, மிதிவண்டி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே 'திறன்' வேண்டாம் என்கிறேன். திறன் என்றால் முயன்றால் இன்னும் கொஞ்சம் முடியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கதவுச் சீட்டில் இருப்பது ஒரு வரம்பு. இழுவரம்பு, தாங்குவரம்பு என்று இரண்டையும் ஜோடியாக வைத்தால், ஒன்றைச் சொல்லும்போதே மற்றது நினைவுக்கு வரும். ஓர் அச்சு தாங்கும் எல்லைக்கு அச்சுவரம்பு, வண்டியின் மொத்த எடை எல்லைக்கு மொத்தவரம்பு என்று மற்ற இரண்டும் அதே வரிசையில் அமைந்துவிடும்.

> 'பயன்சுமை' ஏன் கூடாது? 'ஏற்றுவரம்பு' இன்னும் எளிமையாக இருக்கிறதே?

பயன்சுமை ராக்கெட்டுக்கு நன்றாகப் பொருந்தும். செயற்கைக்கோள்தான் அங்கே பயன், மற்றதெல்லாம் அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. பிக்கப்பில் ஓட்டுநரின் உடம்பும் கொக்கி இரும்பும்கூட இந்தக் கணக்கில் அடக்கம். அவற்றைப் பயன் என்று யாரும் எண்ண மாட்டார்கள். ஏற்றுவரம்பு எனக்கும் முதலில் பிடித்தது அம்மா. ஆனால் ஏற்றுவது நாம் கையால் செய்யும் வேலை. அந்த 880 பவுண்டை நான் ஏற்றவில்லை, டிரெய்லர் தானாக அமுக்கியது. அதனால்தான் அது கணக்கில் சேரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எப்படி வந்த பாரமானாலும் வண்டி தாங்கியாக வேண்டும். 'தாங்கு' அதை விட்டுவிடாது. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லில் அந்த வினை ஏற்கெனவே நமக்குப் பழக்கம்.

> டங்க் வெயிட் என்பதற்கு 'நாக்கு எடை' என்று எழுதியிருக்கிறேன்.

டிரெய்லரின் முன்முனை கொக்கியின் மேல் இறக்கும் எடைதான் டங்க் வெயிட். இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். இதற்குப் புதிதாக ஆக்கவே வேண்டியதில்லை, சொல் நம்மிடம் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா மாட்டுவண்டியில் வைக்கோல் ஏற்றும்போது, பாதி ஏற்றியதும் முன்னால் வந்து நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரமா இருக்கு, பின்னாடி ரெண்டு கட்டுப் போடு" என்பார். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமாகிவிட்டால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும்.

டிரெய்லருக்கும் அதே கதை. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும். மிஞ்சினால் பிக்கப் உட்காரும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, பிக்கப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இது இன்னும் ஆபத்து. என்னுடையது 13.7 விழுக்காடு, டிரெய்லர் அளவில் சரியானதுதான். என் வண்டிதான் அதற்குப் போதவில்லை. முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொல்லும் இதை அப்படியே சொல்லிவிடுகின்றன. முன்பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்துவிடும் கொக்கியைப் 'பாரம்பகிர் கொக்கி' எனலாம். அதைப் பூட்டினால் வண்டி நிமிரும், ஸ்டீயரிங் பிடிப்பும் திரும்பும். ஆனால் தாங்குவரம்பு ஒரு பவுண்டுகூட அதிகமாகாது, கொக்கியின் எடையும் அதிலிருந்தே கழியும்.

கர்ப் வெயிட் என்பதற்குக் 'காலி எடை' போதும்; எடை மேடைகளில் வழங்குவது அதுதான். டேங்க் நிறைய எரிபொருள் சேர்த்து என்று ஒரு குறிப்பு மட்டும் போடுங்கள்.

பிடித்திருந்தால் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

தாங்குவரம்பு: ஆட்கள், சரக்கு, கொக்கி, டிரெய்லரின் முன்பாரம் எல்லாம் சேர்ந்து வண்டியின் மேல் இறங்கக்கூடிய எடையின் எல்லை. மொத்தவரம்பில் காலி எடை போக மீதி.

டிரெய்லர் என்பதை இப்போதைக்கு டிரெய்லர் என்றே விட்டிருக்கிறேன். 'இழுவை வண்டி' என்றால் இழுப்பதா இழுபடுவதா என்ற குழப்பம் வருகிறது. டிராக்டர் ஓட்டுபவர்கள் வேறு சொல் ஏதும் வழங்குகிறார்களா என்று ஊரில் இருப்பவர்கள் விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்.