விக்கிப் பக்கத்தில் உட்பிரிவுக்கு இணைப்புக் கொடுத்தால் வேறு பிரிவில் போய் நிற்கிறது

வயல்வரப்பு:
வணக்கம். பாரம்பரிய நெல் ரகங்களுக்காக மீடியாவிக்கியில் (விக்கிப்பீடியா ஓடுற அதே மென்பொருள்) சின்னதா ஒரு தளம் வச்சிருக்கோம். ஒரே நீளப் பக்கம். மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, தூயமல்லின்னு தலைப்புகள். ஒவ்வொண்ணுக்கும் கீழே பருவம், சாகுபடி, சமையல்னு உட்தலைப்புகள். பிரியாணிப் பக்கத்திலிருந்து [[நெல் ரகங்கள்#சமையல்_2]]னு இணைப்பு. போன வாரம் வரை சீரகச் சம்பாவுக்குப் போச்சு, இப்ப மாப்பிள்ளைச் சம்பா கஞ்சியில் போய் நிக்குது! இணைப்பை யாரும் தொடலை. [[நெல் ரகங்கள்#சீரகச் சம்பா#சமையல்]]னும் போட்டுப் பார்த்தேன், பக்கம் மட்டும் திறக்குது, பிரிவுக்கு இறங்கலை.

பழையவிக்கி:
மேலே புதுசா ஏதாவது ரகம் சேர்த்தீங்களா?

வயல்வரப்பு:
ஆமாங்க, கருப்புக் கவுனி. முதல் ஆளா.

பழையவிக்கி:
அதான் விஷயம். எந்தத் தலைப்புக்குக் கீழே எது இருக்குன்னு இணைப்பு பார்க்காது. தலைப்பின் எழுத்தை மட்டும் எடுத்து, இடைவெளிக்கு அடிக்கோடு போட்டு அடையாளம் ஆக்கும். அதே பேர் திரும்ப வந்தால், பக்கத்தில் மேலிருந்து கீழாக எண்ணி _2, _3னு ஒட்டும். கவுனியின் சமையல் முதல் இடத்தைப் பிடிச்சதும் மத்ததெல்லாம் ஒரு படி தள்ளிப்போச்சு. ரெண்டாவது # போட்டால் அதுவும் தலைப்பின் எழுத்துன்னே எடுத்துக்கும். அப்படி ஒரு தலைப்பு கிடையாதே. இதில் மோசம் என்னன்னா, பக்கம் இல்லேன்னா இணைப்பு சிவப்பாகும், பிரிவு இல்லேன்னா நீலமாவே இருக்கும். உடைஞ்சது யாருக்கும் தெரியாது.

உட்தலைப்பை ===சீரகச் சம்பா சமையல்===னு மாத்துங்க. இணைப்பு:
[[நெல் ரகங்கள்#சீரகச் சம்பா சமையல்|சீரகச் சம்பா → சமையல்]]
எங்கே போறோம்னு படிக்கிறவருக்கும் புரியும்.

களத்துமேடு:
எல்லாத் தலைப்பிலும் ரகத்தின் பேர் வந்தால் பொருளடக்கம் பார்க்கச் சகிக்காது. தலைப்பு வரிக்குள்ளேயே ஸ்பான்ங்கிற HTML குறியில் தனி ஐடி, அதாவது இணைப்பு தேடிப்போற அடையாளப் பேர், கொடுத்துடலாமே? தலைப்பு ‘சமையல்’னே இருக்கும்.

பழையவிக்கி:
கொடுக்கலாம், வேலை செய்யும். ஆனா அடுத்து தொகுக்க வர்றவர் ‘இது என்ன குப்பை’ன்னு அழிச்சிடுவார், அனுபவம் பேசுது. பல பக்கங்கள்லேர்ந்து இணைப்பு வருதுன்னா ‘சீரகச் சம்பா சமையல்’னு தனிப் பக்கம் தொடங்கி, அதில்
#வழிமாற்று [[நெல் ரகங்கள்#சீரகச் சம்பா சமையல்]]
போட்டுடுங்க. அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் நேரா இந்தப் பிரிவுக்குத் திருப்பிவிடும். தளத்தின் மொழி தமிழ்னு வச்சிருந்தா இந்தச் சொல்லே போதும். நாளைக்குத் தலைப்பு மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் முடிஞ்சது.

வயல்வரப்பு:
தலைப்பை மாத்தி, வழிமாற்றும் போட்டேன். மறுபடி பக்கம்தான் திறக்குது, பிரிவுக்குப் போகலையே அண்ணா?

பழையவிக்கி:
வழிமாற்றில் போட்ட வரியை அப்படியே ஒட்டுங்க.

வயல்வரப்பு:
#வழிமாற்று [[நெல் ரகங்கள்#சீரக சம்பா சமையல்]]

களத்துமேடு:
‘ச்’ எங்கே தம்பி?

வயல்வரப்பு:
அட! ஒற்றைச் சேர்த்ததும் நேரா பிரியாணி அரிசிக்கே போயிடுச்சு. பருவம், சாகுபடி தலைப்புகளையும் ராத்திரி உட்கார்ந்து மாத்திடுறேன்.