‘வேக்கம் லீக்’ - தமிழில் என்ன எழுதுவது?

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புடையீர், வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகப் பழைய பிக்கப் வண்டிகளின் பழுதுபார்ப்புப் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். கார்புரேட்டர் பூட்டிய, 1980களின் தொடக்கத்து ஃபோர்டு எஃப்-150 வண்டிதான் அதில் எடுத்துக்காட்டு. ‘வேக்கம் லீக்’ என்பதை ‘வெற்றிடக் கசிவு’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவர் ஒருவர், பட்டறையில் நிற்கும் பழைய பெட்ரோல் ஜீப்பின் ரப்பர் குழாயில் சோப்பு நீரைத் தடவிவிட்டு, பஞ்சர் கடையில் பார்ப்பதுபோல் குமிழி எழும் என்று அரை மணி நேரம் குனிந்தபடி காத்திருந்தார். குமிழி எப்படி எழும்? இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பான த்ராட்டிலைத் தாண்டிய பகுதியில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால், விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறதே தவிர, எதுவும் வெளியே வருவதில்லை. கணக்கில் வராத அந்தக் காற்றால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெல்ல ஓடுவது) தடுமாறுகிறது. பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. என் சொல்தான் அவரைக் குனிய வைத்தது. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

தம்பிக்கு, ‘நீர்க்கசிவு’ என்றால் நீர் கசிகிறது. அதே வாய்பாட்டில் வெற்றிடம் கசிவதாக உங்கள் மாணவர் கொண்டார். வெற்றிடத்தின்கண் கசிவு என்று ஏழாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் குறையில்லை. ஆயினும் ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்னும் சம்பந்தர் வாக்கில் உள்ளதுபோல், கசிவு என்பது அகத்திலிருந்து புறத்துக்கு வருவது. ஒழுகுதல் அப்படியன்று. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது எங்கள் ஓட்டு வீடு ஒழுகியது. வெளியிலிருந்த நீர்தானே உள்ளே வந்தது? ஆகவே ‘காற்றொழுக்கு’ என்க. ஒழுகு, ஒழுக்கம், ஒழுங்கு ஆகியவற்றின் வேர் ஒற்றுமையைத் தனி மடலில் விரிக்கிறேன்.

நெல்லிக்குப்பம்

ஐயா, தங்கள் மடலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அனுப்பினால் நலம். காற்றொழுக்கு என்றால் பிள்ளைகள் ‘ஒழுக்கங்கெட்ட இன்ஜின்’ என்று சிரிப்பார்கள். எங்கள் பட்டறையில் ‘ஏர் இழுக்குது’ என்போம்; அதையே ‘காற்றிழுப்பு’ ஆக்கலாம். சொல்லைக் கேட்டதுமே வேலை விளங்கிவிடும். பானட்டைத் திறந்து, ‘உஸ்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு வேக்கத்தை அளக்கும் வேக்கம் கேஜ். நம் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால், நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 22 பாதரச அங்குலம் வரை காட்டும். முள் அதற்குக் கீழே அசையாமல் நின்றால் காற்றிழுப்பைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டிலும் குழாய் முனைகளிலும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைச் சிறிது சிறிதாகத் தெளித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் இன்ஜினின் சத்தம் மாறும். இழுப்பது அந்த இடம். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தெளிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

புதுச்சேரி, குருசுக்குப்பம்

பிரெஞ்சில் இதனைப் ‘பிரீஸ் தேர்’ என்பார்கள். ‘காற்றை எடுத்தல்’ என்று பொருள். அவர்களும் வெற்றிடத்தை விட்டுவிட்டுக் காற்றின் பெயரால்தான் அழைக்கிறார்கள் என்பதால், நெல்லிக்குப்பத்து அண்ணன் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் அப்பாவின் மூச்சிரைப்புதான்.

நெல்லிக்குப்பம்

அந்த இன்ஜினுக்கும் அதே நோய்தான், அம்மா.

கடலூர், முதுநகர்

ஒரு மறுப்பு. நம் சாலைகளில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல். பழைய டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப்போல் த்ராட்டில் தடுப்பு இல்லாததால், பிரேக் பெடலை மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தைத் தனிப் பம்பு தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். அந்தக் குழாய் வெடித்தால் ஐட்லிங் தடுமாறாது, பெடல்தான் கல்லாகும். அங்கே ஓட்டுநர் இழப்பது வெற்றிடத்தை அல்லவா? ‘வெற்றிட இழப்பு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். வேக்கம் என்ற சொல்லையே அப்படியே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. படிக்கப்போகிறவர் நாளை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கடையில் குழாய் வாங்குவார்.

கடலூர், மஞ்சக்குப்பம்

அனைவருக்கும் நன்றி. தனியே எழுதியவர்களையும் சேர்த்து எட்டுப் பேர் கருத்துச் சொன்னதில், காற்று உள்ளே கசிகிறது என்ற பொருளில் ‘காற்று உட்கசிவு’ என்பதற்கு ஐவர் இணங்கியிருக்கிறார்கள். அவர்களில் இருவர், விவாதம் முடிந்தால் போதும் என்றே இணங்கியதாகத் தனியே எழுதினார்கள். தலைப்பில் அதனையும், செய்முறைப் பகுதியில் ‘காற்றிழுப்பு’ என்பதனையும் இட்டுள்ளேன். பிரேக் பூஸ்டர் பத்திக்கு மட்டும் முதுநகர் நண்பரின் ‘வெற்றிட இழப்பு’. ஒரே பாடத்தில் மூன்று சொற்கள் என்பது எனக்கும் உவப்பானதன்று.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

உட்கசிவு என்பதில் எனக்கு உடன்பாடில்லை; பதிவுக்காகச் சொல்கிறேன். ஏற்பதாயினும், குற்றியலுகரம் கெட்டு ‘காற்றுட்கசிவு’ என்றே புணரும். அச்சுக்குப் போகுமுன் அதையாவது திருத்துங்கள், தம்பி.