சோமாலியா சார்பில் பேசணும்: வெளிநாட்டுப் படை வேணும்னு சொல்றதா, வேணாம்னு சொல்றதா?

பாலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். அடுத்த மாசம் காட்பாடியில் ஒரு கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடக்குது. சீட்டுக் குலுக்கலில் எங்க அணிக்கு சோமாலியா விழுந்திருக்கு. பாதுகாப்பு கவுன்சில் அமர்வு. அல்-ஷபாப்ன்ற ஆயுதக் குழுவோட சண்டை போட அங்கே இருக்கிற ஆப்பிரிக்க ஒன்றியப் படையை என்ன செய்றதுன்றதுதான் தலைப்பு.

படிச்ச வரைக்கும் எதுவும் ஒத்துப்போகல. ஒரு பக்கம் "வெளிநாட்டுக்காரனே வெளியே போ"ன்றாங்க. அதே நேரத்துல அவங்க அரசாங்கம் படை இருக்கணும்னு ஐ.நா.வில் கேக்குது. எதியோப்பியான்னா கொதிக்கிறாங்க, துருக்கின்னா வரவேற்கிறாங்க. சோமாலியர்கள் உண்மையில் என்ன நினைக்கிறாங்க? நாலு நிமிஷப் பேச்சில் எதைச் சொல்லணும், எதைச் சொன்னா மாட்டிப்போம்?

கணியம்பாடி மாஜி பதில்:

தம்பி, "சோமாலியர்கள் என்ன நினைக்கிறாங்க"ன்னு கேட்டா பதிலே கிடைக்காது. எந்த வருஷம், எந்த ஊர், எந்தக் குலம், இந்த மூணையும் சேர்த்துக் கேளு.

1992-ல் இருந்து ஆரம்பி. சர்வாதிகாரி சியாத் பாரே 1991 ஜனவரியில் ஓடிட்டார், அரசாங்கமே இல்ல, பஞ்சம். டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் பெரும்படை இறங்கினப்போ சோறு வருதுன்னு ஜனங்க வரவேற்றதுதான் நிஜம். கெட்டுப்போனது 1993-ல். ஜூன் 5-ம் தேதி ஐ.நா. படையில் இருந்த பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டாங்க. உடனே ஐ.நா. ஒரு கட்சிக்காரனா மாறி யுத்தப் பிரபு ஐதீதைத் தேடி வேட்டைக்குப் போச்சு. ஜூலை 12-ல் தலைநகர் மொகடிஷுவில் ஒரு வீட்டு மேல அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. உள்ளே கூடியிருந்தவங்களில் குலப் பெரியவங்க நிறைய பேர். செத்தவங்க 54 பேர்னு செஞ்சிலுவைச் சங்கம் கணக்கு சொல்லுச்சு, அந்த ஊர்க்காரங்க அதுக்கு மேலன்றாங்க.

வெளியுலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது அக்டோபர் 3-ம் தேதி ஹெலிகாப்டர் விழுந்ததும் 18 அமெரிக்கர் செத்ததும்தான். அந்த ஒரே ராத்திரியில் சோமாலியர் நூத்துக்கணக்குல செத்தாங்க. அக்டோபரை ஜூலையில இருந்து பார்க்கணும். உன் பேச்சில் ஜூலை 12-ஐச் சொல்லு, மத்த அணிகள் பாதிக்கு அது தெரிஞ்சே இருக்காது.

எல்லாப் படையையும் அவங்க ஒரே தராசுல நிறுத்தல. நம்ம இந்தியப் பிரிகேட் இருந்தது தலைநகரில் இல்ல, பைடோவா பக்கம். குடிசை வரைக்கும் போய்ப் பேசினவனையும் ஹெலிகாப்டர்ல வந்தவனையும் பிரிச்சுத்தான் பார்த்தாங்க. அதுக்காக அங்கே எல்லாம் சுமுகம்னு எழுதிடாத, 1994 ஆகஸ்டில் நம்ம ராணுவ டாக்டர்களே பைடோவாவில் கொல்லப்பட்டாங்க. ராணுவக் குடும்பங்கள் நிறைஞ்ச கம்மவான்பேட்டைப் பக்கம் போனா இதைப் பத்திப் பேச ஆள் கிடைக்கும்.

டெல்லி கேட் பதில்:

எதியோப்பியா மேல ஏன் கோபம்னு கேட்டீங்க. அவங்க கொடியைப் பாருங்க. நட்சத்திரத்துக்கு அஞ்சு முனை, சோமாலியர் வாழும் அஞ்சு நிலத்துக்கு ஒண்ணு. அதில் ஒண்ணு ஒகாடன், இன்னிக்கும் எதியோப்பியா கையில். 1977-78-ல் அதுக்காகப் போர் நடந்து, சோவியத் யூனியன் பாதியில் எதியோப்பியா பக்கம் தாவி, கியூபா படையும் வந்து, சோமாலியா தோத்துச்சு. அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரன் "அமைதி காக்க வரேன்"னு சொன்னா யார் நம்புவா?

2006 இன்னும் முக்கியம். சி.ஐ.ஏ. பணத்தில் சில யுத்தப் பிரபுக்கள் ஒரு கூட்டணி கட்டினாங்க. அவங்களை ஜூனில் விரட்டினது இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம். 1995-ல் இருந்து மூடிக்கிடந்த மொகடிஷு விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் திறந்தாங்க. மதக் கெடுபிடி பிடிக்காதவங்ககூட தெரு அடங்கினதை ஒத்துக்கிட்டாங்க. டிசம்பரில் எதியோப்பியப் படை புகுந்து அதைக் கலைச்சது. விளைவு என்ன? அதுவரைக்கும் உள்ளே ஒரு சின்ன இளைஞர் அணியா இருந்த அல்-ஷபாப், "அந்நியனை எதிர்க்கிறோம்"னு சொல்லி ஊதிப் பெருத்துது. கலைக்கப்பட்ட ஒன்றியத்தின் தலைவர் ஷேக் ஷரீஃப் 2009 ஜனவரியில் ஜிபூத்தியில் வெச்சு ஜனாதிபதியாத் தேர்ந்தெடுக்கப்பட்டார், வெளிநாடுகளின் ஆசியோடு! ரெண்டு வருஷம் ரத்தம் சிந்தி, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்தாங்க.

ஊரைக் கவனிச்சீங்களா, ஜிபூத்தி. 2000-ல் அர்தா மாநாடு, அதுவும் ஜிபூத்தி. 2002-ல் இருந்து 2004 வரைக்கும் கென்யா, அப்துல்லாஹி யூசுஃபை ஜனாதிபதியாத் தேர்ந்தெடுத்ததே நைரோபியில். அப்புறம் 2012-ல் லண்டன் மாநாடு. சோமாலியர்களின் பெரிய மனக்குறை இதுதான்: துப்பாக்கியைவிட, நாற்காலியில் யாரை உட்கார வைக்கணும்னு வெளியூர் ஓட்டலில் முடிவாகிறது. அர்தாவில் வந்த 4.5 கணக்கும் அப்படித்தான். நாலு பெரிய குலத்துக்கு ஒவ்வொரு பங்கு, மத்த எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு.

நம்ம ஊருக்கு இது புதுசா? 1749-ல் ஆம்பூர் சண்டையில் ஆற்காடு நவாப் அன்வருதீன் செத்தார். பிரெஞ்சுக்காரன் சந்தா சாகிப்பைப் பிடிச்சான், இங்கிலீஷ்காரன் முகமது அலியைப் பிடிச்சான், 1751-ல் ஆற்காட்டையே முற்றுகை போட்டாங்க. ஜெயிச்ச நவாப் கடனில் மூழ்கி, 1801-ல் நிர்வாகமே கம்பெனி கைக்குப் போச்சு. சோமாலியாவில் கென்யா தெற்கு மாநிலமான ஜுபாலாந்துல ஒருத்தரைத் தாங்குது, அமீரகம் வடக்கே பெர்பெரா துறைமுகத்திலும் புண்ட்லாந்து மாநிலத்திலும் பணம் போடுது, துருக்கி மொகடிஷுவில் நிக்குது. ஆட்டம் அதேதான்.

துருக்கியைப் பிடிச்சதுக்குக் காரணம் எளிது. 2011 பஞ்சத்தில் மத்த தூதர்கள் நைரோபியில் இருந்தே வேலை பார்த்தாங்க. எர்டோகன் ஆகஸ்டில் குடும்பத்தோட மொகடிஷுவில் இறங்கினார். இன்னிக்கும் மேற்கத்திய தூதர்கள் பலரும் ஹலானேன்ற விமான நிலைய வளாகத்தைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டாங்க. துருக்கிக்காரன் ரோடு போட்டான், ஆஸ்பத்திரி நடத்துறான்.

வாணியம்பாடி வழக்கு பதில்:

டெல்லி கேட் அண்ணா சொன்னதில் ரெண்டு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

துருக்கி சும்மா வரவில்லை. விமான நிலையமும் துறைமுகமும் துருக்கி கம்பெனிகள் கையில். 2017-ல் பெரிய பயிற்சித் தளம், 2024 பிப்ரவரியில் பத்து வருடப் பாதுகாப்பு ஒப்பந்தம், அதன் பின்னால் எண்ணெய் தேடும் உரிமை. துருக்கி பயிற்சி கொடுத்த படைகளைத் தேர்தல் தகராறில் எங்கள் மேல் ஏவுகிறார்கள் என்று 2020-21-ல் எதிர்க்கட்சிகளே புகார் சொன்னார்கள். ஆகவே "துருக்கியை எல்லாரும் நேசிக்கிறார்கள்" என்று எழுத வேண்டாம்.

ஆற்காடு ஒப்புமையைப் பேச்சில் சேர்க்கவும் வேண்டாம். நம் காதுக்கு இனிக்கும். ஆனால் நவாப்பைப் போல கைப்பாவைகள் என்று சொந்த அரசையே சொல்வதாக ஆகிவிடும், நீங்கள் பேசுவது அந்த அரசின் சார்பில்.

இனி வரைவுத் தீர்மானம். மொகடிஷு அரசின் நிலைப்பாடு "வெளியே போ" அல்ல. "எங்கள் சம்மதத்தோடு, எங்கள் கால அட்டவணைப்படி" என்பதே. அதற்கு அடையாளங்கள் உண்டு: 2019 ஜனவரி 1-ல் ஐ.நா. தூதர் நிக்கோலஸ் ஹேசமை நாட்டை விட்டு அனுப்பினார்கள். 1992 முதல் இருந்த ஆயுதத் தடையை 2023 டிசம்பரில் நீக்க வைத்தார்கள். 2024 மே மாதம் ஐ.நா. அரசியல் தூதுக்குழுவை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். 2025, 2026 இரண்டு வருடமும் பாதுகாப்பு கவுன்சிலிலேயே உறுப்பினர், அதனால் "கெஞ்சும் நாடு" என்ற தொனியை விடுங்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு லீகோ போதும். 2017 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியப் படை அந்த ஊரைக் காலி செய்தது, அல்-ஷபாப் உடனே நுழைந்துவிட்டது. 2016 அக்டோபரில் எதியோப்பியர் ஹல்கனை விட்டதும் அதே கதை. ஒரே ஊர்க்காரர் "இவர்களைப் பிடிக்காது" என்றும் "நாளைக்கே போகாதே" என்றும் சொல்வது இதனால்தான். முரண்பாடு எதுவும் இல்லை. 2024-ல் எதியோப்பியப் படையை அனுப்புவோம் என்று மொகடிஷு சொன்னபோது, தென்மேற்கு மாநிலத்தில் சில அரசியல்வாதிகளே எதிர்த்தார்கள்.

மூன்று ஷரத்துகளை விடாதீர்கள். முகாம் ஒப்படைப்பு: எந்த முகாமும் சோமாலிய ராணுவம் வந்து நின்ற பிறகே காலி செய்யப்படணும். பொதுமக்கள் பாதிப்பு: 2021 ஆகஸ்டில் கோல்வெய்ன் அருகே உகாண்டா வீரர்கள் பொதுமக்கள் ஏழு பேரைக் கொன்றார்கள், உகாண்டா ராணுவ நீதிமன்றம் மொகடிஷுவிலேயே விசாரித்து இருவருக்கு மரண தண்டனை கொடுத்தது. இதைத் திட்டுவதற்கு இல்லாமல் முன்மாதிரியாகக் காட்டுங்கள். மூன்றாவது பணம். இங்கேதான் அணிகள் சறுக்கும். பழைய ஆப்பிரிக்க ஒன்றியப் படையான அமிசோம் காலத்தில் ஒரு வீரருக்கு மாதம் 1,028 டாலர் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது, 2016-ல் 20 சதவீதம் வெட்டியது. 2025 ஜனவரியில் தொடங்கிய புதிய ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கு பாதுகாப்பு கவுன்சிலின் 2767-ம் தீர்மானம் அனுமதி கொடுத்தது, நிரந்தரமான பணம் கொடுக்கவில்லை. படைச் செலவில் 75 சதவீதம் வரை, உறுப்பு நாடுகள் கட்டும் ஐ.நா. கட்டாயச் சந்தாவில் இருந்து எடுக்கலாம் என்று 2719-ம் தீர்மானம் வழி சொல்கிறது, அமெரிக்கா அதை இங்கே ஏற்கவில்லை. 2767 வாக்கெடுப்பில் 14 ஆதரவு, ஒரு நடுநிலை, அது அமெரிக்கா. அமெரிக்க அணியிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள்.

பாலாற்றங்கரை:

ரொம்ப நன்றி அண்ணா, சார். தனி நாடுன்னு சொல்லிக்கிற சோமாலிலாந்தைப் பத்திக் கேட்டா?

கணியம்பாடி மாஜி பதில்:

உன் வாயால "நாடு"ன்னு வரக்கூடாது, "வடமேற்குப் பகுதி"ன்னு சொல்லு. ஆனா சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாக்காரன் குறை நேர் எதிர்ன்றது உனக்குத் தெரிஞ்சிருக்கணும். 1988-ல் பாரேயின் விமானங்கள் அந்த ஊர் ஓடுதளத்தில் இருந்தே கிளம்பி அந்த ஊர் மேலயே குண்டு போட்டுது, விழுந்த மிக் விமானத்தை நடு ஊரில் நினைவுச்சின்னமா வெச்சிருக்காங்க. 1993-ல் அங்கே போரமா ஊரில் குலப் பெரியவங்க மாசக்கணக்கா உட்கார்ந்து, பெரும்பாலும் உள்ளூர்ச் செலவிலேயே பேசி முடிச்சாங்க. "தலையிடாததால்தான் எங்களுக்கு நல்லதாச்சு, அங்கீகாரம் மட்டும் கொடு"ன்னு கேப்பாங்க. 2025 டிசம்பர் 26-ல் இஸ்ரேல் அதைக் கொடுத்ததும் மொகடிஷு கொதிச்சது. கேள்வி வந்தா "நாட்டு ஒருமைப்பாடு, உள்நாட்டுப் பேச்சுவார்த்தை"ன்னு சொல்லி நிறுத்திக்க.

வாணியம்பாடி வழக்கு பதில்:

கென்யா அணி இருந்தால் கடல் எல்லையைக் கிளப்பும். சர்வதேச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் 12 தீர்ப்பு கையில் இருக்கட்டும், பெரும்பகுதி சோமாலியாவுக்குச் சாதகம். தேதியோடு சொன்னால் தலைவர் மேசை அடுத்த கேள்விக்குப் போய்விடும்.